பார்ப்பவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

யூடியூப் சேனல் நடத்தும் இளைஞர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தங்கள் வீடியோவைப் பார்க்கிறவர்கள் எல்லாம் தங்களுக்கு இன்னொரு குடும்பம் என்று அவர்கள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

என் தம்பி மகளும் சமையல் சேனல் வைத்திருக்கிறாள். பல்லாயிரம் பேர் பார்க்கிறார்கள். போன மழைக்காலத்தில் டெங்கு வந்து படுத்துவிட்டாள். கமெண்டில் வந்ததெல்லாம் ஏன் வீடியோ போடவில்லை என்ற கேள்விதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கச்சேரி கேட்க வந்தவர் பாடகர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று விசாரிப்பாரா? ராத்திரியில் பிளேட்லெட் ரிப்போர்ட் வாங்க ஓடியவர் மாடி வீட்டுக்காரர். அவள் வீடியோ ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை.

2019 நினைவிருக்கிறதா? சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். ஹாலிவுட் நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோகூட நம் பஞ்சத்தைப் பற்றி இன்ஸ்டாகிராமில் போட்டார். உலகமே பார்த்தது. எங்கள் தெருவுக்கு அதனால் ஒரு குடம் கூடுதலாக வந்துவிடவில்லை.

மெட்ரோ வாட்டர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலமே காலிக் குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். வீட்டுக்கு இத்தனை குடம் என்று தெருமுனை இஸ்திரிக்காரர் ஒரு பழைய நோட்டில் கணக்கு வைத்திருந்தார். லாரி சத்தம் கேட்டால் ராத்திரி இரண்டு மணியானாலும் வீடு வீடாகக் கதவைத் தட்டுவார். சண்டைக்கும் குறைவில்லை. எதிர் வீட்டு அம்மாளுக்கும் அவருக்கு அடுத்த வீட்டு அம்மாளுக்கும் சாக்கடை வழிந்த விஷயத்தில் அதற்கு முன்பிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது. எதிர் வீட்டம்மா வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருந்தபோது, அவர் பங்குக் குடங்களை நிரப்பி வாசற்படியில் வைத்தது அந்த அடுத்த வீட்டு அம்மாள்தான். அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை பேசிக்கொண்டதாகவும் தெரியவில்லை!

போன் மூலம் சேர்கிறவர்கள் எல்லாம் வெறுமனே வேடிக்கை பார்க்கிறவர்கள் என்று சொல்ல வரவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முகம் தெரியாத பிள்ளைகள் ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் முகவரி கேட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தார்கள். மீனவர்கள் படகோடு வந்தார்கள். தண்ணீரில் இறங்கி நின்ற அவர்களை அந்நியர் என்று யார் சொல்வார்கள்?

இப்போது எங்கள் பகுதியில் மழைநீர் வடிகால் மூடி உடைந்து கிடக்கும் வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. எனக்கே நாலைந்து பேர் அனுப்பினார்கள். 2022-இல் அரசு விதிகள் கொண்டுவந்த பிறகு, வார்டில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேச ஏரியா சபை என்று ஒன்று கூடுகிறது. கவுன்சிலரையே நேருக்கு நேர் கேட்கலாம். நான் போன கூட்டத்தில் பாதி நாற்காலி காலி. வீடியோ அனுப்பியவர்களில் ஒருவரையும் அங்கே காணோம். கூட்டம் நடப்பதே பலருக்குத் தெரியவில்லை என்பதும் உண்மைதான். மார்கழி வந்தால் எந்த சபாவில் எத்தனை மணிக்கு யார் பாடுகிறார் என்று பட்டியல் போடுகிறீர்கள். எந்த வார்டில் என்றைக்கு, எந்த இடத்தில் ஏரியா சபை கூடுகிறது என்பதையும் முன்கூட்டியே போடலாமே?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை-33