தூள் கப்பலேறுது, உப்பு இங்கேயே நிக்குது

ஆசிரியருக்கு வணக்கம்.

வளரும் நாடுகள் கழிவைக் காசாக்குவது பற்றிய உங்கள் கட்டுரையில் பொள்ளாச்சி தென்னை நார்த்தூளுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். வீணாய்க் கிடந்த தூள் இன்று காசாகிறது என்று சொன்னதெல்லாம் சரிதான். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவன் என்கிற முறையில் விட்டுப்போனதை எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மஞ்சி மில்லை (தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும் ஆலையை)ச் சுற்றி இந்தத் தூள் மலைமலையாகக் கிடக்கும். தேங்காய் மட்டையில் நார் ஒரு பங்கு என்றால் தூள் இரண்டு பங்கு. லேசில் மக்காது. காற்றடித்தால் சோற்றில் விழும். சும்மா அள்ளிக்கொண்டு போங்கள் என்றாலும் ஆள் வராது. இன்றைக்கு அதையே ஐந்து கிலோ கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள்; நெதர்லாந்துப் பசுமைக்குடிலில் அதில் தக்காளி காய்க்கிறது. தன் எடையைப்போல எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கிற பொருளை யார் வேண்டாமென்பார்கள்? மட்டைக்கும் விலை வந்தது. எனக்கும் அதில் லாபம்தான், மறைக்கவில்லை.

சிக்கல் அந்தத் தூளில் இருக்கிற உப்பில்தான். வாங்குபவர் ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்) 0.5-க்குக் கீழே கேட்கிறார். அதற்காகத் தூளைக் களத்தில் கொட்டி, தண்ணீர் பாய்ச்சி, திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். சோடியம் நன்றாகப் போக வேண்டுமென்றால் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து இன்னொரு கழுவு. வடிகிற தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் இருக்கும். அதைத் தொட்டியில் பிடித்துச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு, ஓடைப் பள்ளத்தில் திறந்துவிடுகிறவர்களும் உண்டு. என் தோப்புக்கு மேல்புறம் இருப்பவர் இரண்டாவது ரகம். மூன்று வருடமாக என் கிணற்றுத் தண்ணீர் பழுப்பு. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. போய்க் கேட்டால், "ஒரு மழை பேஞ்சா சரியாயிருமுங்க" என்கிறார்.

2021-ல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தத் தொழிலை மாசு மிகக் குறைந்த தொழில்களுக்கான வெள்ளைப் பட்டியலிலிருந்து, மாசு கூடிய தொழில்களுக்கான ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியபோது, தொழிலே படுத்துவிடும் என்று பேசியவர்களில் நானும் ஒருவன். கிணறு கெட்ட பிறகு அப்படிப் பேசுவதில்லை. ஆனால் சின்னக் களத்துக்காரர் தனியாகச் சுத்திகரிப்புத் தொட்டி கட்ட முடியாது என்பது நிஜம். பத்துப் பதினைந்து களத்துக்குச் சேர்த்து ஒரு பொதுக் கழுவுமிடமும் சுத்திகரிப்பு நிலையமும் அரசு மானியத்தில் வரட்டும். திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கு அப்படி வந்ததே. என்ன, நொய்யல் ஆறு கெட்ட பிறகு வந்தது.

அப்புறம் இன்னொன்று. கழுவிப் போகிற உப்பில் சோடியம் மட்டுமா இருக்கிறது? பொட்டாஷும் நிறைய. எங்கள் மண்ணிலிருந்து மரம் உறிஞ்சியதுதான். அது பள்ளத்தோடு போகிறது. நான் உரக்கடையில், வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த பொட்டாஷை மூட்டைக்கணக்கில் வாங்கி அதே மரத்தடியில் போடுகிறேன்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற முறை ஒன்று இருக்கிறது. டன்னுக்கு 5 கிலோ யூரியா, கொஞ்சம் சிப்பிக்காளான் வித்து; தூளோடு அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காயாமல் வைத்தால் 60 நாளில் கருத்து மக்கிவிடும். போன வருடம் இரண்டு டன் அப்படிச் செய்து கன்றுகளுக்கு வைத்தேன். நன்றாகவே பிடித்தன. இந்த வருடம் ஐந்து டன் தூள் வேண்டுமென்று மில்லில் கேட்டேன். "எக்ஸ்போர்ட்டுக்கே பத்தலைங்க" என்று கையை விரித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி,
ஆனைமலை.