மகளின் எடையும் ஒரு கடிதமும்

அன்புள்ள செல்விக்கு,

நலமா? உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? இத்தனை நாள் எழுதவில்லை என்று திட்டாதே, இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது.

இங்கிலாந்தில் ரிசப்ஷன், அதாவது பள்ளியில் சேரும் முதல் வருஷப் பிள்ளைகளுக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்திலேயே உயரமும் எடையும் பார்ப்பார்கள், 2006 வாக்கில் ஆரம்பித்த திட்டம். நம் பிள்ளைக்கு வேண்டாம் என்றால் முன்னாலேயே சொல்லிவிடலாம். அதைச் சொல்லி வந்த தாளை நான் படிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் போட்டுவிட்டேன், அது என் தப்புதான். போன வாரம் முடிவு வந்தது. பெரியவளுக்கு எடை கூடுதலாம், கீழே ஒரு போன் நம்பர், அவ்வளவுதான். எனக்கு ரத்தம் கொதித்தது, என் வீட்டுச் சோற்றுப் பானையை எட்டிப் பார்க்க இவர்கள் யார் என்று.

வேடிக்கை என்னவென்றால் அதே வாரம் அம்மா வீடியோ காலில், "புள்ள எளைச்சுட்டாளே, ஒழுங்கா சோறு போடுறியா இல்லியா?" என்று கேட்டாள். இங்கே ஆறாம் வகுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பிள்ளைகள் எடை கூடியவர்கள், அதனால் அவர்கள் நடுவில் நின்றால் இவளும் ஒல்லியாகத்தான் தெரிகிறாள், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு அதே எடையில் உடம்பில் கொழுப்பு கூடுதலாகவே இருக்கும் என்கிறார்கள். அப்படியானால் அந்தக் கடிதம் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது! சரி, அளப்பது தப்பில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் அளந்து, தாள் அனுப்பி, அதோடு கை கழுவிவிட்டால்? கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில் கிட்டத்தட்ட 29,000 பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள், 2021இல் முடிவு வந்தது. வீட்டுக்கு ரிப்போர்ட் அனுப்பியதால் பிள்ளைகளின் எடையில் ஒரு மாற்றமும் இல்லை, பள்ளியில் எடை பார்த்த பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பு மேல் அதிருப்திதான் கூடியதாம். படித்ததும் வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அந்தக் கவரை எனக்கு முன்னால் பிரித்தது இவள்தான். இரண்டு நாளாக முறுக்கு டப்பா பக்கமே போகவில்லை, கேட்டால் பசிக்கவில்லை என்கிறாள். நான் அந்த நம்பருக்கு இரண்டு தடவை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை.

சின்னவன் அடுத்த வருஷம் ரிசப்ஷன் போகிறான். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று இவர் கேட்கிறார், எனக்கு இன்னும் மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. நீ இருபது வருஷமாக டீச்சர், உங்கள் பள்ளியிலும் எடை எடுப்பீர்களே, குண்டாக இருக்கும் பிள்ளையின் அம்மாவிடம் அதை எப்படிடி சொல்வாய்? விவரமாக எழுது.

உன்,
கலா