கட்டிலை ஏன் சுவரோரம் போட்டிருக்கிறாய்?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய புது வீட்டு வரைபடம் கிடைத்தது. போனில் எவ்வளவு பெரிதாக்கியும் எழுத்து பிடிபடவில்லை. தாளில் அச்செடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டேன். நாலு நாளாக அதுதான் வேலை. அம்மா சிரிக்கிறாள். ஆனால் நேற்று ராத்திரி அவளும் எழுந்து போய், விளக்கைப் போட்டு அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் சம்பளத்தில், யாரிடமும் கை நீட்டாமல் வீடு பார்க்கிறாய். பெருமையாகத்தான் இருக்கிறது. முடிவெடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது என்பது வேறு விஷயம்.

பழைய வீட்டை விற்றுவிட்டு அதில் பாதி அளவுக்குப் புதுசாக ஒன்று. கணக்கு தப்பில்லை. துருப்பிடித்த குழாய், பழைய வயரிங், ஒழுகுகிற மொட்டை மாடி என்று அந்த வீடு உன் விடுமுறை நாட்களையெல்லாம் தின்றுவிட்டது. கூட்டிப் பெருக்கவே ஒரு மணி நேரம். சரி, விடு. ஆனால் புது வீட்டுக்கும் அதற்கென்று கோளாறுகள் உண்டு. பூச்சில் ஊறிய ஈரம் காயக் காயச் சுருங்கும். முதல் ஓரிரு வருஷத்தில் முடி போல விரிசல் விடும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, நகம் நுழைகிற அளவுக்கு அகலமாக இருந்தால் ஒரு இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. புதுப் பெயின்ட் எதையும் மறைத்துவிடும். அதனால் நல்ல மழை பெய்கிற நாளில் போய்ப் பார்.

அப்புறம் சதுர அடி. விற்கிறவன் சொல்கிற சதுர அடி வேறு, நீ கால் வைக்கப்போகிற சதுர அடி வேறு. லிஃப்ட், மாடிப்படி, நடைபாதை எல்லாவற்றிலும் உன் தலையில் ஒரு பங்கு ஏறியிருக்கும். சுவருக்குச் சுவர் நீயே டேப் பிடித்து அள. படுக்கையறை பத்துக்குப் பத்து என்று போட்டிருக்கிறது. கட்டில் நீளம் ஆறரை அடி, எதிரே அலமாரி இரண்டு அடி. மிச்சம் ஒன்றரை அடி. அலமாரிக் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். தள்ளுகதவு போடச் சொல். உள்சுவர் நாலரை அங்குலம்தான். ஒரு அறையில் பேசினால் அடுத்த அறையில் கேட்கும். பேசாமல் இருந்தாலும் தெரியும்.

கடனைப் பத்து வருஷத்துக்கு மேல் இழுக்காதே. 9 சதவீத வட்டியில் 20 வருஷம் கட்டினால், வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கு மேலேயே கட்டியிருப்பாய். முதல் மாதத் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போய்விடும். வீடு சின்னது, கடனும் சின்னது என்பதுதானே இதில் லாபமே? அந்த லாபத்தை விட்டுவிடாதே. கடன் முடிந்தாலும் பராமரிப்புக் கட்டணம் முடியாது, அதையும் கூட்டிக்கொள். கட்டடம் நிற்கிற மண்ணில் உனக்கு எவ்வளவு பங்கு என்று கேள். கட்டடம் தேயும், மண்தான் ஏறும். கேட்டால் முகம் சுளிப்பார்கள், கேள்.

கடனில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் இரண்டு பேருமே முழுக் கடனுக்கும் பொறுப்பு. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவரைத்தான் பிடிப்பார்கள். பத்திரம் யார் யார் பெயரில் என்று நான் கேட்கவில்லை. மழை நாளில் போய்ப் பார் என்று சொன்னேன் அல்லவா, மறக்காதே.

படத்தோடு நீ அனுப்பியது ஒரே ஒரு வரி. "எனக்கு இது போதும்பா." எங்களுக்கு என்று எழுதத்தான் உனக்குக் கை வரும். பழைய வீடு வாங்கியபோது மூன்று பக்கம் எழுதினாய், ஒவ்வொரு வரியிலும் எங்களுக்கு, எங்களுக்கு. மாப்பிள்ளை போனில் பேசி மூன்று மாதம் ஆகிறது. வேலை அதிகம் என்கிறாய். இருக்கும்.

நீ பத்தாவது படித்த வருஷம் நான் மாடி அறையில் படுத்துக்கொண்டேனே, முதுகு வலி, தரையில்தான் படுக்க வேண்டும் என்று சொன்னேனே. முதுகில் ஒன்றும் இல்லை. அம்மா அப்போதே சொன்னாள், இவ்வளவு பெரிய வீடு நமக்கு எதற்கு என்று. கேட்காமல் கட்டினேன். இரண்டாவது கடன் ஒன்று வாங்கியதை அவளிடம் மறைத்தேன். தெரிந்ததும் பேச்சு நின்றது. வீடு பெரிதாக இருந்தது வசதியாகப் போயிற்று. அவள் சமையலறைக்குள் போகிற சத்தம் கேட்டால் நான் பின்வாசல் வழியாக இறங்கிவிடுவேன். எட்டு மாதம். ஒரு தடவை மன்னிப்புக் கேட்டிருந்தால் எட்டு நாளில் முடிந்திருக்கும். இன்றுவரை கேட்கவில்லை. அவளாகத்தான் ஒரு நாள் பாயைக் கீழே எடுத்து வந்து போட்டாள். உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும் என்று அம்மா சொல்கிறாள். தெரிந்ததா?

சின்ன வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கேயே மாடியைத் திறந்து ஒரு வருஷம் ஆகிறது. வீடு வேண்டுமானால் வாங்கு. ஆனால் வரைபடத்தில் நீ பென்சிலால் போட்டிருக்கிற கட்டில் சுவரை ஒட்டி இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும்தான் இறங்க முடியும். அளவெடுத்துப் பார்த்தேன், நடுவில் தள்ளிப் போட்டால் இரண்டு பக்கமும் இரண்டடி கிடைக்கும். தெரியாமல் போட்டாயா, தெரிந்தேதான் போட்டாயா?

ஞாயிற்றுக்கிழமை போன் செய். அம்மாவிடம் கொடுக்க மாட்டேன், நானே பேசுகிறேன்.

அப்பா