ஜெர்மனியில் எம்.எஸ்.: கட்டணம் இல்லை, அரியரும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டில் படிக்க வேண்டுமென்றால் நிலத்தை விற்க வேண்டும் என்ற நினைப்பு நம் பெற்றோரிடம் இன்னும் போகவில்லை. ஜெர்மனிக்கு அது பொருந்தாது. அங்கே பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது. செமஸ்டருக்கு 100 முதல் 400 யூரோ வரை ஒரு தொகை கட்டினால் போதும். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதில் அடக்கம். விதிவிலக்குகள் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-இல் கட்டணம் கொண்டுவந்துவிட்டது.

அப்படியானால் விசாவுக்கு ஏன் 12 லட்சம் ரூபாய் காட்டச் சொல்கிறார்கள்? அது கட்டணம் அல்ல. பிளாக்டு அக்கவுன்ட் எனப்படும், மொத்தமாக எடுக்க முடியாத வங்கிக் கணக்கில் மாணவர் பெயரில் 11,904 யூரோ போட்டுவைத்தால், அங்கே போய்ச் சேர்ந்தபின் மாதம் 992 யூரோவாக அவர் கைக்கே வரும். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் அதற்குள் முடிக்க வேண்டும். சிறிய ஊரில் முடியும். மியூனிக்கில் வாடகையே பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

இதையெல்லாம் நம்மூர் ஏஜென்சிகள் பலவும் விளக்கிச் சொல்வதில்லை. அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டால் பொதுவாக கமிஷன் வராது, தனியார் கல்லூரியில் சேர்த்தால் வரும், அவ்வளவுதான் காரணம்.

விண்ணப்பத்தில் முதல் படி, நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். கைக்கு வரத் தாமதமாகலாம் என்பதால் இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளக் கூடாது. பல பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பச் சேவையான யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்தவற்றுக்கு 30 யூரோ. குளிர்காலப் பருவத்துக்குக் கடைசி நாள் ஜூலை 15 என்று பொதுவாகச் சொன்னாலும், வெளிநாட்டவருக்குப் பல படிப்புகள் அதற்கு மாதங்கள் முன்பே மூடிவிடுகின்றன.

நம் சி.ஜி.பி.ஏ.வை அவர்கள் அப்படியே பார்ப்பதில்லை. உச்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் வாங்கியதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுவார்கள். அங்கே 1 சிறந்தது, 4 வெறும் தேர்ச்சி. பத்துக்கு 8 வாங்கியவருக்குத் தேர்ச்சி எல்லை 5 என்றால் 2.2 வரும், எல்லை 4 என்றால் 2.0. சில படிப்புகள் 2.5-க்கு மேல் போனால் எடுப்பதில்லை. தேர்ச்சி எல்லை 5 என்றால் 7.5-க்குக் கீழே உள்ளவர் அங்கே நின்றுவிடுவார். ஆகவே குறைந்தபட்சத் தேர்ச்சி கிரேடு எது என்று கல்லூரியிலிருந்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் நன்றாக இருந்தும் நிராகரிக்கப்படுவோர் நிறைய. காரணம், பாடப் பொருத்தம். எந்திரவியல் படித்தவர் டேட்டா சயின்ஸுக்கு விண்ணப்பித்தால், இளநிலையில் கணிதம், புள்ளியியல், நிரலாக்கம் எத்தனை கிரெடிட் என்று கூட்டிப் பார்ப்பார்கள். குறைந்தால் கதவு மூடியதுதான். தரவரிசைப் பட்டியலைப் புரட்டும் நேரத்தில் அந்தப் படிப்பின் சேர்க்கை விதிகளையும் பாட விவரக் கையேட்டையும் படித்தால் விண்ணப்பக் கட்டணமாவது மிஞ்சும்.

உள்ளே போனபின் மாறிக்கொள்ள வேண்டியது அரியர் மனப்பான்மை. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டாயத் தேர்வுக்கு மூன்று வாய்ப்புகள்தான். மூன்றாவதிலும் தோற்றால் பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. தேர்வுக்குத் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும். பதிவுசெய்துவிட்டு, காலக்கெடுவுக்குள் விலகாமல், போகாமல் இருந்தாலும் பொதுவாகத் தோல்விதான்.

இவ்வளவு கெடுபிடிக்குப் பலன் என்ன? 120 கிரெடிட் கொண்ட இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் பொதுவாக 30 கிரெடிட் ஆய்வேட்டுக்கு, ஏறத்தாழ ஆறு மாத உழைப்பு. பொறியியலில் அதை ஒரு நிறுவனத்திலேயே செய்ய வாய்ப்புண்டு. படிப்போடு ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை பார்க்கலாம். பேராசிரியரின் ஆய்வகத்தில் பார்க்கும் உதவியாளர் வேலை பொதுவாக அந்தக் கணக்கில் வராது. பட்டம் வாங்கியபின் துறைசார்ந்த வேலை தேட 18 மாதம் தங்கலாம். துரித உணவுக் கடையில் சம்பாதிப்பதைவிட ஆய்வக வேலை பயன் தருவது இந்த 18 மாதத்தில்தான் தெரியும்.

பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் வேலை பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். நிறுவனங்கள் பி1, பி2 எனும் இடைநிலை மொழித் தேர்ச்சியைக் கேட்கின்றன. செமஸ்டர் சுமையோடு அடிப்படையிலிருந்து தொடங்குவது கடினம். அதற்கு முந்தைய படியான ஏ2 வரையாவது இங்கேயே முடித்துவிடுவது நல்லது.

சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளம். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் இல்லாமல் நகராட்சியில் முகவரியைப் பதிய முடியாது, முகவரிப் பதிவு இல்லாவிட்டால் வரி எண்ணும் குடியிருப்பு அனுமதியும் இழுத்தடிக்கும்.

உயர்கல்வி வழிகாட்டி,
திருச்சி