புதுக் குழுவுக்குப் போன நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு இது பள்ளியில் கடைசி வருடம், வீட்டில் பேச்செல்லாம் அவள் தேர்வைப் பற்றித்தான்.

கொள்முதல் ஒப்புதல் சேவையைக் கோகிட்டோவில் (வேலை நடைமுறையின் படத்தை ஓடும் சேவையாக மாற்றும் ஜாவா கருவி) கட்டப் போகிறோம், கணினியை எப்படித் தயார் செய்வது என்று கேட்டிருந்தாய். நான் தினமும் புழங்குகிற விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இப்போதைய வெளியீடுகளுக்கு ஜாவா 17 வேண்டும். டெர்மினலில் ஜாவா பதிப்பை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதே, ப்ராஜெக்டைக் கட்டித் தரும் பில்ட் கருவியான மேவனிடமும் பதிப்பைக் கேள். தான் எந்த ஜாவாவில் ஓடுகிறது என்று அதன் பதிலில் ஒரு வரி இருக்கும். ஜாவா எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஜாவா ஹோம் அமைப்பு பழைய இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் இரண்டும் வேறு வேறாக வரும். அப்புறம் நிரல் எழுதும் விஎஸ் கோடில் பிபிஎம்என் எடிட்டர் எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொள்; வேலை நடைமுறையைப் படமாக வரையும் குறியீட்டு முறைதான் பிபிஎம்என். ப்ராஜெக்டை மேவனின் தயார் வார்ப்புருவான ஆர்க்கிடைப்பே உருவாக்கித் தரும். ஸ்பிரிங் பூட், குவார்கஸ் என்ற இரண்டு ஜாவா ஃபிரேம்வொர்க்குகளில் எதிலும் செய்யலாம். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் குவார்கஸைத்தான் சொல்வேன், மாற்றங்களை உடனே எடுத்துக்கொள்ளும் அதன் டெவ் மோட் அவ்வளவு வசதி. குவார்கஸ் பதிப்பை மட்டும் தனியாக ஏற்றிவிடாதே. கோகிட்டோ எந்தப் பதிப்போடு வெளிவந்ததோ அதிலேயே இருக்கட்டும்.

இத்தனையும் ஒரே நாளில் முடிந்துவிடும். அடுத்து என்ன செய்கிறாய் என்பதுதான் முக்கியம். முழு நடைமுறையையும் உடனே வரைய உட்காராதே. ஒரு தொடக்கம், மேலாளர் ஒப்புதல் என்று ஒரு ஆள் செய்ய வேண்டிய ஒரே ஒரு யூசர் டாஸ்க், ஒரு முடிவு, அவ்வளவு போதும். அந்தப் படக் கோப்பை ரிசோர்சஸ் ஃபோல்டரில் வைத்து டெவ் மோடில் ஓட்டு. ப்ராசஸுக்கு நீ வைத்த ஐடி அப்படியே சேவையை வலை வழியே அழைக்கும் ரெஸ்ட் முகவரியாகிவிடும். 8080 போர்ட்டில் அந்த முகவரிக்கு, புதிதாக ஒன்றைத் தொடங்கச் சொல்லும் ஒரு போஸ்ட் அழைப்பு அனுப்பினால், புதிய கோரிக்கையின் ஐடி திரும்பி வரும். அந்த ஐடியின் டாஸ்க்குகளைக் கேட்டால், மேலாளர் ஒப்புதல் காத்திருப்பது தெரியும். ஒரு வரி ஜாவா கூட நீ எழுதியிருக்க மாட்டாய். பில்ட் நேரத்திலேயே கோகிட்டோ அந்தப் படத்திலிருந்து ஜாவா நிரலை உருவாக்கிவிடுகிறது. அதனால் படத்தில் இருக்கும் பல பிழைகள் பில்டிலேயே மாட்டிக்கொள்ளும்.

இப்போது சர்வரை நிறுத்தி, மறுபடி ஓட்டி, கோரிக்கைகளைக் கேட்டுப் பார். பட்டியல் காலியாக இருக்கும். எல்லாம் நினைவகத்தில் மட்டும்தான் இருந்தது. இதை உன் குழு முழுக்கக் கண்ணால் பார்க்க வேண்டும். தரவுத்தளத்தில் சேமித்து வைக்கும் போஸ்ட்கிரெஸ் ஆட்ஆனைச் சேர்ப்பது எதற்கென்று அதற்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு நாளில் ஒப்புதல் வராவிட்டால் மேலே அனுப்பும் டைமரை அடுத்துச் சேர். சோதிக்கும்போது அதைப் பத்து விநாடியாக வைத்துக்கொள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிபிஎம்என் 2.0 வெளிவந்தது 2011-இல். தொழிலைத் தெரிந்தவரும் நிரல் எழுதுகிறவரும் ஒரே படத்தைப் படிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் பல குழுக்களில் டெவலப்பரைத் தவிர அந்தப் படத்தை யாரும் திறப்பதே இல்லை, எனக்கு அதில் மிகுந்த வருத்தம். கொள்முதல் பிரிவிலிருந்து ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வரை. மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட்டில் கோப்பை ஏற்றும்போது, அதன் எஸ்விஜி வடிவப் படத்தையும் சேர்த்து ஏற்று. பிபிஎம்என் கோப்பின் உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல் வரிகள், ஒரு பெட்டியை நகர்த்தினாலே வரிகள் மாறும். அதைப் பார்த்து ரிவ்யூ செய்யக் கொள்முதல் பிரிவினரால் முடியாது, படத்தைப் பார்த்தால் முடியும். ஒப்புதல் தொகை வரம்புகளைப் படத்தில் பாதை பிரியும் கேட்வேக்களில் எழுதாமல், முடிவு விதிகளை எழுதும் டிஎம்என் அட்டவணையில் வை. அடிக்கடி மாறப்போவது அதுதான்.

முதல் படம் தயாரானதும் கோப்பை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். நிராகரித்த கோரிக்கை திருத்தத்துக்குத் திரும்புமா, அங்கேயே முடிந்துவிடுமா என்று மட்டும் கொள்முதல் பிரிவினரிடம் முன்பே கேட்டு வை.

அன்புடன்,
உன் நண்பன்