முரளிக்கு, ரிசர்வ் டீம் விஷயமாக

கொல்கத்தா
26-9-2025

டேய் முரளி,

ஜூலைக்கு அப்புறம் நாம் ஒழுங்காகப் பேசவே இல்லை. நீ அனுப்பிய அந்த நீள வாய்ஸ் மெசேஜுக்கு நான் வாயே திறக்கவில்லை என்று உனக்குக் கோபம், கீதா சொன்னாள். போனில் ஆரம்பித்தால் நீ என்னைப் பேச விடமாட்டாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். இந்த வாரம் பெய்த மழையைச் செய்தியில் பார்த்திருப்பாய், ஒரே ராத்திரியில் ஊரே மிதந்தது, கரண்ட் அடித்தே எத்தனையோ பேர் போய்விட்டார்கள். எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர், கீழ் வீட்டு மாமியின் அரிசி மூட்டையையும் தையல் மெஷினையும் மாடிக்குத் தூக்கினோம். இப்போது வடிந்துவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? மோகன் பகான்காரர்கள் கொண்டாட்டத்துக்குத் தின்பது என்று இரால் தொடமாட்டேன் என்றாயே, அந்தச் சபதத்தை இன்னும் காப்பாற்றுகிறாயா, இல்லை பெரம்பூர் போனதும் மனசு மாறிவிட்டதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்கத்தா ஃபுட்பால் லீக்கை நம் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டது. 41-வது தடவை. போன வருஷத்துக் கோப்பையும் வழக்கு, இழுபறி எல்லாம் முடிந்து நமக்கே என்று ஆகிவிட்டதால் தொடர்ந்து இரண்டு வருஷம். முழுசாகக் கொண்டாடுவதற்குள் மழை வந்துவிட்டது. ஆனாலும் பானர்ஜிதா சும்மா இருப்பாரா, கணுக்கால் தண்ணீரில் மிட்டாய் டப்பாவோடு வந்து நின்றார். உன் பங்கையும் அவரே சாப்பிட்டார், கணக்கில் வைத்துக்கொள்.

இப்போது உன் மெசேஜ். கல்யாணியில் மோகன் பகானோடு நடந்த லீக் டெர்பியில், பையன்கள் ஆடும் ரிசர்வ் அணியில் சீனியர் ஆட்களை இறக்கியது சரி, டெர்பி என்று வந்துவிட்டால் ரிசர்வ், சீனியர் என்று பார்க்கக் கூடாது, மற்ற மேட்சுகளுக்குப் பையன்கள் போதும் என்றாய். 3-2 என்று ஜெயித்ததையும் ஆதாரமாகக் காட்டினாய். நான் அந்த கேலரியில் இருந்தேன். சியால்டாவில் லோக்கல் பிடித்து, கதவோரம் தொங்கிக்கொண்டு போய், ஜெசின் அடித்தபோதும் சயான் அடித்தபோதும் தொண்டை கிழியக் கத்தினேன். ஜம்ஷித் நாசிரியின் மகன் மோகன் பகானுக்காகக் கோல் போட்டபோது பக்கத்திலிருந்த கிழவர் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார், அவருக்கு அப்பா நாசிரி நம் சட்டையில் ஆடியதுதான் கண்ணில் நிற்கிறது போல. அந்தச் சாயங்காலம் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீ சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். அன்று கோட்டுக்கு வெளியே ஒரு பையன் வார்ம்-அப் செய்துகொண்டே இருந்தான். பேர் தெரியாது, முதுகில் நம்பர் மட்டும் மழையில் ஒட்டிப்போய்த் தெரிந்தது. ஓடுவான், குனிந்து கால்விரலைத் தொடுவான், திரும்பி பெஞ்சைப் பார்ப்பான். மறுபடி ஓடுவான். கடைசி விசில் வரை அவனைக் கூப்பிடவில்லை. அதற்கு முந்தைய லீக் மேட்சுகளில் சேற்றில் புரண்டு ஆடியவர்கள் இவனை மாதிரிப் பையன்கள்தான். மூவாயிரம் பேர் கூடத் தேறாத கேலரிகளில், மூன்று மணி வெயிலிலும் மழையிலும், நைஹாட்டியிலும் பராக்பூரிலும். அதையெல்லாம் ஆட இவர்கள் வேண்டும், டிவியில் காட்டும் ஒரு மேட்சுக்கு மட்டும் வேண்டாம் என்றால் அந்தப் பையன் என்ன புரிந்துகொள்வான்? நீ இடத்தை அடைக்க வந்தவன் என்றுதானே?

சீனியர்களுக்கும் மேட்ச் வேண்டும், நாட்டின் பெரிய லீக்கான ஐஎஸ்எல் எப்போது தொடங்கும் என்றே யாராலும் சொல்ல முடியாத வருஷம் இது, அவர்கள் எங்கே போய் ஆடுவார்கள் என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. ஜூலையில் ஐஎஸ்எல்லை நிறுத்தி வைக்கிறோம் என்று கடிதம் வந்தபோது எனக்கும் வயிறு கலங்கியது. ஆனால் அவர்களுக்குத்தான் டூரண்ட் கப் இருந்ததே. ஜூலை 23 அன்று சால்ட் லேக்கில் சவுத் யுனைடெடை 5-0 என்று அடித்தோம், மூன்றே நாளில் கல்யாணியில் லீக் டெர்பி. டூரண்ட் காலிறுதியிலும் அதே மோகன் பகானைப் பார்த்தோம், டியாமன்டகோஸ் இரண்டு அடித்து 2-1 என்று ஜெயித்தோம், சீனியர்கள் மோதவேண்டிய இடத்தில் சீனியர்கள் மோதினார்கள், முறையாக இருந்தது. பிறகு டயமண்ட் ஹார்பரிடம் அரையிறுதியில் தோற்றதைப் பற்றி இப்போது பேசவேண்டாம், எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதாவது, எந்தப் போட்டிக்கு எந்த அணி என்று சீசன் தொடங்கும்போதே கிளப் முடிவு செய்து வெளியே சொல்லிவிட வேண்டும் என்கிறேன். டூரண்ட், சூப்பர் கப், ஐஎஸ்எல் இவை சீனியர்களுக்கு. கல்கத்தா லீக் முழுக்க, டெர்பி உட்பட, ரிசர்வ் அணிக்கு. காயத்திலிருந்து திரும்பி வரும் ஒரு சீனியரை அரை மணி நேரம் இறக்கினால் நான் வாய் திறக்கமாட்டேன். எதிரி யார் என்று பார்த்து, முந்தின நாள் ராத்திரி பட்டியலை மாற்றுவது வேண்டாம்.

நீ ஒன்றை மறந்துவிடுகிறாய். நாம் இன்றைக்குத் தலையில் வைத்துக் கொண்டாடும் ஆட்கள் பலர் இந்த வழியாகத்தான் வந்தார்கள். விஷ்ணு 2023-ல் ரிசர்வ் அணிக்கு வந்த காசர்கோட்டுப் பையன், ரிசர்வ் கோச் பினோ ஜார்ஜ் அவனை லீக்கில் ஆடவிட்டார், அதே சீசனில் சீனியர் கோச் குவாட்ராட் தன் அணிக்கு எடுத்தார். சயானும் அதே வழிதான். ஜெசினை எடுத்துக்கொள், சந்தோஷ் டிராஃபி அரையிறுதியில் மாற்று ஆட்டக்காரனாக இறங்கி கர்நாடகாவுக்கு எதிராக ஐந்து கோல் அடித்தவன், அவனுக்கே இங்கே லீக்கில் ஓடி ஓடித்தான் இடம் கிடைத்தது. 2024 லீக் டெர்பியில் 2-1 என்று ஜெயித்தோமே, விஷ்ணுவும் ஜெசினும் அடித்த அந்த மேட்ச், அன்றைக்கு நீயே எனக்குப் போன் போட்டு ரிசர்வ் டீம்தான் நம் சொத்து என்றாய். பன்னிரண்டு மாதத்தில் சொத்து எங்கே போயிற்று?

அப்புறம் இன்னொன்று, இது கொஞ்சம் கஷ்டமான விஷயம். நீ மெசேஜில் போகிற போக்கில் ‘அது வெறும் லோக்கல் லீக்' என்று சொன்னாய். அந்த வார்த்தை எனக்கு இரண்டு மாதமாக உறுத்துகிறது. 1898-ல் தொடங்கிய லீக் அது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடனில் பதினாறு பேர் செத்தது இந்த லீக்கின் டெர்பியில்தான். பானர்ஜிதா அன்று கேலரியில் இருந்தவர், அதற்குப் பிறகு அவர் ஈடன் பக்கம் கிரிக்கெட்டுக்குக் கூடப் போனதில்லை என்பது உனக்கும் தெரியும். 2021-ல் நாமும் மோகன் பகானும் லீக்கில் ஆடவே இல்லை, முகமதன் கிளப் நாற்பது வருஷம் கழித்துக் கோப்பையைத் தூக்கியது, அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது அவர்களுக்காகச் சந்தோஷப்பட்டேன், நாம் ஏன் அங்கே இல்லை என்று வெட்கமாகவும் இருந்தது. பெரிய கிளப்புகள் வராத லீக்கில் சின்னக் கிளப்புகளுக்கு என்ன மிஞ்சும்? ஆகஸ்டில் பராக்பூரிலிருந்து திரும்பும்போது பிளாட்ஃபாரத்தில் எதிரணிப் பையன் ஒருவனைப் பார்த்தேன். பூட்ஸைப் பாலிதீன் கவரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முடி தின்றுகொண்டிருந்தான், காதில் இன்னும் சேறு. ஈஸ்ட் பெங்காலோடு ஆடியதை வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டான். என் போனில் அவன் ஒரு பந்தைத் தடுக்கும் துண்டு இருந்தது, அனுப்பிக் கொடுத்தேன். அதை மூன்று தடவை பார்த்தான். அவனுக்கு அது லோக்கல் லீக் இல்லைடா முரளி.

(முடி என்றதும் சிரிக்காதே. பொரியை இங்கே வேறு எப்படிச் சொல்வது, எனக்கு இனிமேல் மாறாது.)

கோபம் போதும், திட்டம் சொல்கிறேன். எனக்கு இப்போது முக்கியமான கவலை அக்டோபரிலிருந்துதான். கல்கத்தா லீக் முடிந்துவிட்டால் இந்தப் பையன்களுக்கு என்ன இருக்கிறது? ரிலையன்ஸ் டெவலப்மெண்ட் லீக் வரும்வரை மாதக்கணக்கில் பயிற்சி, பயிற்சி, பயிற்சி. 2024-ல் அந்த லீக்கில் பைனல் வரை போய் பஞ்சாபிடம் தோற்றோம், தரம் இருக்கிறது, மேட்ச்தான் இல்லை. பத்தொன்பது வயசில் நான்கு மாதம் போட்டி இல்லாமல் இருந்தால் கால் மறந்துவிடும். இந்த நேரத்தில் துர்கா பூஜை முடிந்ததும் ஐஎஃப்ஏ ஷீல்டு திரும்ப வருகிறது. அதே மாதக் கடைசியில் கோவாவில் சூப்பர் கப். அதனால் சீனியர்களை ஷீல்டில் ஆடவைத்து சூப்பர் கப்புக்குத் தயார் செய்யலாம் என்று இங்கே ஒரு கட்சி. நீயும் அந்தக் கட்சிதான் என்று எழுதாமலே எனக்குத் தெரியும்.

என் கட்சி, ஷீல்டைப் பையன்களுக்குக் கொடு. இப்போதுதான் லீக்கை ஜெயித்து வந்திருக்கிறார்கள், உடம்பில் சூடு இருக்கிறது. ஷீல்டு 1893-லிருந்து நடக்கும் கோப்பை, நம்மைவிட அதிகத் தடவை அதை யாரும் தூக்கியதில்லை, அதன் மதிப்பைக் குறைத்துப் பேசவில்லை. மதிப்பு இருப்பதால்தான் கேட்கிறேன். மோகன் பகான் முழு சீனியர் அணியோடு வந்து நின்றால் நாலு கோல் வாங்குவோமே என்பாய். வாங்கட்டும். சீனியர்களுக்கு எதிராக ஒரு பைனல் ஆடுவது என்ன என்று இருபது வயசில் தெரிந்துகொள்வது நல்லது. கோவாவுக்கு ஆள் வேண்டுமென்றால் அதற்குள் இரண்டு பேர் தயாராகியிருப்பார்கள். இல்லாவிட்டால் ஜனவரிக்குள் அந்த அணியில் பாதிப் பேர் வேறு கிளப்புக்குப் போய்விடுவார்கள், நாம் மறுபடி கேரளாவிலும் மிசோரமிலும் ஆள் தேடுவோம்.

இப்போது உன்னை நேராகக் கேட்கிறேன். மார்ச்சில் வியாசர்பாடிப் பையன் ஒருவனைப் பற்றிச் சொன்னாயே, இடது கால்காரன், நம் அணி நந்தகுமார் மாதிரி உள்ளே வெட்டி அடிக்கிறான் என்று. அவனைக் கொல்கத்தாவுக்கு அனுப்ப வழி இருக்கிறதா என்று கேட்டது நீதான். 2023 ஆகஸ்ட் 12 ராத்திரி, அத்தனை டெர்பி தோல்விக்குப் பிறகு நந்தா அந்த ஒரு கோலை வளைத்துப் போட்டபோது, ‘நம்ம ஊர்ப் பையன்டா' என்று நீ போனில் அழுததை நான் மறக்கவில்லை. நந்தாவும் சென்னையில் ஆடி, சென்னை சிட்டி வழியாக, ஆடிக் கிடைத்த நிமிஷங்களில் வளர்ந்தவன்தானே. உன் பையன் இங்கே வந்தால் நிலைமை என்ன தெரியுமா? லீக்கில் வெளிநாட்டுக்காரர்கள் கிடையாது, ஆனால் வங்காளத்துப் பையன்கள் இத்தனை பேர் களத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று விதி. சரியான விதிதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆக வெளி மாநிலத்துப் பையனுக்கு இடம் ஏற்கெனவே குறைவு. அந்தக் கொஞ்ச இடத்திலும் டெர்பிக்கு டேவிட் மாதிரி சீனியர்களை இறக்கினால் முதலில் வெளியே உட்காருபவன் உன் வியாசர்பாடிக்காரன்தான். அவனுக்கு நிமிஷம் வேண்டும் என்று ஒரு பக்கம் கேட்கிறாய், சீனியரை இறக்கு என்று இன்னொரு பக்கம் கத்துகிறாய். இரண்டில் ஒன்றைச் சொல்.

மற்றபடி ஆபீசில் மாற்றல் பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது, இந்தத் தடவை ராஞ்சி என்கிறார்கள். போவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கீதா ஒரு மாதிரிப் பார்த்தாள், லீக் ஒரு காரணம் என்று அவளுக்குத் தெரியும். பெரியவள் பத்தாவது, வங்காளத்தில் நம் எல்லோரையும்விட நன்றாகச் சண்டை போடுகிறாள்.

ஷீல்டுக்கு அணிப் பட்டியல் வந்ததும் அனுப்புகிறேன், சீனியர்களாக இருந்தால் உனக்குக் கொண்டாட்டம், அன்றைக்கு மட்டும் போன் பண்ணாதே. அந்தப் பையன் பிறந்த வருஷம், எந்த இடத்தில் ஆடுவான், இப்போது எந்த அணியில் இருக்கிறான் என்று எழுது, ஒரு முழு மேட்சின் வீடியோ வேண்டும், கோல்களை மட்டும் வெட்டி அனுப்பினால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஜனவரிக்குள் வந்தால் பானர்ஜிதா வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறது, வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஜோய் ஈஸ்ட் பெங்கால்.

உன்
சுந்தர்