மண் திடலுக்குப் புல்தரைப் படமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஜப்பான் பயணக் கட்டுரையில் கசமட்சு குதிரைப் பந்தயத் திடலுக்குக் கிடைத்தது ஒரே வரி: “வேலைவெட்டியில்லாத கிழவர்கள் பொழுதைப் போக்கும் பாழடைந்த இடம்.”

கசமட்சு இருக்கும் கிஃபு பக்கம் ஒன்பது வருஷம் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தவன் நான். லீவு விழுந்தால் அங்கேதான் போவேன். அந்தக் கிழவர்களில் ஒருவன் எழுதுவதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சனி, ஞாயிறைப் பெரிய திடல்கள் எடுத்துக்கொள்வதால் உள்ளூர்த் திடல்களுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் வாரநாள்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிழவர்கள் வராமல் காலேஜ் பிள்ளைகளா வருவார்கள்? பந்தயப் பேப்பரில் குதிரையின் எடை நாலு கிலோ ஏறியிருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அப்படியொரு பெரியவர். என் 100 யென் சீட்டு தோற்றால், மிசோவில் (சோயா விழுதில்) வெந்த குடல் குச்சியும் அவரே வாங்கித் தருவார். நான் அடிக்கடி தோற்றேன்.

ஒகுரி கேப் பற்றித் தாங்கள் அறியாததல்ல. கசமட்சுக் குதிரையாக 12 ஓட்டத்தில் 10 ஜெயித்துவிட்டு 1988இல் பெரிய திடல்களுக்குப் போன குதிரை. 1990இல் அதன் கடைசி ஓட்டத்தைப் பார்க்க நகயாமா திடலில் கூடியவர்கள் 1,77,779 பேர். கசமட்சுவில் அதற்குச் சிலையே இருக்கிறது. கட்டுரையாளர் கண்ணில் படவில்லை போலும். ஓடுபாதைக்கு நடுவே பயிர் செய்கிற நிலம் இருப்பதும் படவில்லை.

இது முதல் தடவையா? ஹரு உராரா என்ற குதிரை “கடைசியில் ஒருநாள் ஜெயித்தது” என்று முன்பு துணுக்கு போட்டீர்கள். ஐயா, 113 ஓட்டம், 113 தோல்வி! 2004 மார்ச்சில் பேர்பெற்ற ஜாக்கி யுதகா டகேயே ஏறியும் 11 குதிரைகளில் பத்தாவது. நகாட்சு, மசுதா, அஷிகாகா என்று ஊர்த் திடல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த நேரத்தில், கோச்சி திடலுக்குக் கூட்டம் சேர்த்தது அந்தத் தோற்ற குதிரைதான். அந்த ஊரையும் “கொச்சின்” என்று அச்சடித்தீர்கள். குதிரை கேரளாவுக்கு எப்போது வந்ததோ! அப்போது நான் எழுதிய கடிதம் எந்தக் கூடைக்குப் போனது என்று கேட்கமாட்டேன்.

கேட்பது ஒன்றுதான். கட்டுரையோடு வந்த படத்தில் இருப்பது பச்சைப் புல்தரை. கசமட்சு முழுக்க மண் பாதை. உள்ளூர்த் திடல்களில் புல் ஓடுபாதை இருப்பது மொரியோகாவில் மட்டும். படக்குறிப்பை அடுத்த இதழில் திருத்திவிடுங்கள். இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கரூர்.